கியர்பெட்டியும் சில்லுகளின் கோணலும்

2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, எம்மவர் பழைய கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டி வந்தனர். புதியவற்றின் விலையைக் காணும்போது அந்நிலை பெரிதும் மாறிவிட்டதாகக் கூறுவதற்கில்லை.

பெருந்தொகை செலவிட்டுக் கியர்பெட்டியைத் திருத்திய பின்னர் கார் ஒருபுறம் இழுக்கின்றது, ஸ்டியரிங் கோணலாக நிற்கின்றது என்ற முறைப்பாட்டை நாம் அடிக்கடி கேட்கின்றோம். கியர்பெட்டிக்கும் சில்லுக்கும் என்ன சம்பந்தம் என வினவுவது நியாயமே. முன்சில்லுகளால் இயங்கும் பல கார்களில் கியர்பெட்டியை இறக்குவதற்கு அதன் கீழுள்ள சட்டத்தையும் கழற்றவோ தளர்த்தவோ வேண்டியுள்ளது. சில்லுகளைத் தாங்கும் கீழ்க்கைகள் பூட்டப்பட்டிருப்பதும் அச்சட்டத்திலேயாகும். போல்ட் துளைகள் சற்றே பெரியவை என்பதால், மீளப் பூட்டும்போது சட்டம் சில மில்லிமீற்றர் பக்கவாட்டில் விலகக்கூடும். அப்போது ஒரு சில்லின் மேற்பகுதி உட்புறமாகவும் மற்றையதன் மேற்பகுதி வெளிப்புறமாகவும் சாய்கின்றது.

பின்னர் வீல் எலைன்மன்ட் செய்பவர் ஸ்டியரிங் தண்டுகளை மட்டும் திருகிச் சில்லுகளை நேராக்குகின்றார். கார் நேராக ஓடுவதாகவே தோன்றும். சாய்வோ அப்படியே இருக்கும். அதைத் திருத்துவதற்கான அமைப்பே பல கார்களில் கிடையாது. உட்சாய்ந்த டயரின் உள்விளிம்பு எவர் கண்ணிலும் படாமல் தேய்ந்துகொண்டிருக்கும். மழைநாளில் பிரேக்கை அழுத்தும்போதே அதன் ஆபத்து தெரியவரும்.

கழற்றுமுன் சட்டத்தின் இடத்தைக் குறித்துக்கொள்ளச் சில நிமிடங்கள் போதும். நல்ல திருத்துநர்கள் அதைத் தவறவிடுவதில்லை. வேலை முடிந்ததும் இருபக்கச் சாய்வின் அளவுகளையும் அச்சிட்டுக் கேட்டுப்பெறுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். ஒருபக்கம் கூடி மறுபக்கம் குறைந்திருந்தால், முதலில் மீளப் பொருத்தப்பட வேண்டியது அச்சட்டமே.