குடும்பத்திட்ட ஆராய்ச்சியும் அரசாங்க நன்கொடையும்

ஆராய்ச்சி பொருளின்றி நடைபெறாது. அப்பொருளை வழங்குவோர் யாவர் என்பது, ஆராயப்படும் வினாவையும் ஓரளவிற்கு வரையறுத்துவிடுகின்றது. குடும்பத்திட்டத் துறையில் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படும். அத்துறையில் அரசாங்க நன்கொடை எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு இயங்குகின்றது, அதனோடு வரும் பொறுப்பு யாது என்பனவற்றை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

அந்நாட்டில் 1873ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கொம்சுதொக்குச் சட்டம், கருத்தடைப் பொருள்களையும் அவை பற்றிய செய்திகளையும் அஞ்சல் வழி அனுப்புதலைக் குற்றமாக்கிற்று. ஆகவே, 1950களிற் கிரெகறி பிங்கசு என்னும் அறிஞர் கருத்தடை மாத்திரையை ஆராய்ந்தபோது, அதற்குப் பெருந்துணையாக நின்றது அரசாங்கத்தின் பணமன்று. கதரின் மக்கோர்மிக்கு என்னும் செல்வப் பெண்மணியின் சொந்தப் பொருளேயாம். 1959ஆம் ஆண்டிற் சனாதிபதி ஐசன்கோவர், இஃது அரசாங்கம் தலையிடத்தக்க விடயமன்று எனக் கூறினார். பிற்காலத்தில் அவரே அக்கருத்தை மாற்றிக்கொண்டார். அவர் அவ்வாறு கூறுதற்கு ஓராண்டு முன்னரே, 1958இல், சுவீடன் அரசாங்கமும் இலங்கை அரசாங்கமும் குடும்பத்திட்ட முன்னோடி முயற்சியொன்றிற்கு உடன்படிக்கை செய்துகொண்டமை நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

1969 யூலை மாதத்திற் சனாதிபதி நிக்சன் குடித்தொகை பற்றிய செய்தியொன்றைக் கொங்கிரசுக்கு விடுத்தார். 1970 திசெம்பர் 24ஆந் திகதி அவர் ஒப்பமிட்ட சட்டம், பொதுச் சுகாதாரச் சேவைச் சட்டத்திற் பத்தாம் பகுதியைச் சேர்த்தது. அப்பகுதியின் 1001ஆம் பிரிவு மருத்துவ நிலையங்களின் சேவைக்கும், 1003ஆம் பிரிவு பயிற்சிக்கும், 1004ஆம் பிரிவு ஆராய்ச்சிக்கும் நன்கொடை வழங்க இடமளித்தன. உயிர்மருத்துவம், கருத்தடை முறைகளின் விருத்தி, மனித நடத்தை, திட்டங்களைச் செயற்படுத்தல் என்பன ஆராய்ச்சித் துறைகளாகக் குறிக்கப்பட்டன.

இவற்றுள் இறுதியாயதே சேவை ஆராய்ச்சிக்கு அடிப்படையாம். புதிய மருந்தைக் காண்டல் இதன் நோக்கமன்று. உள்ள மருந்து உரியவரைச் சேராமைக்குக் காரணம் காண்டலே இதன் நோக்கம். நிலையத்திற்கு ஒருமுறை வந்த பெண் மறுமுறை வாராதது ஏன்? தூரமா, செலவா, நெடுநேரக் காத்திருப்பா, தாதியின் கடுஞ்சொல்லா? இத்தகைய வினாக்களை ஆராய்வதால் வணிகருக்கு வரும் இலாபம் சிறிது. ஆதலின் பொதுப் பணமே இதற்குத் தக்க துணையாகின்றது.

இனி, பணம் வழங்கப்படும் முறையை நோக்குவாம். தேசிய சுகாதார நிறுவகங்களின் வழக்கப்படி, விண்ணப்பத்தை முதலில் அத்துறை அறிஞர் குழுவொன்று தகுதி நோக்கி மதிப்பிடும். பின்னர் ஆலோசனைச் சபையொன்று பொதுநலன் நோக்கி ஆராயும். அரசியலார் விருப்பொன்றே முடிவாகாதவாறு காத்தற்பொருட்டு அமைந்த ஏற்பாடு இஃது எனலாம்.

எனினும், பணத்தை முறையாகப் பங்கிட்டமையால் மட்டும் அறம் நிலைத்துவிடாது. சேவையை ஏற்றல் அவரவர் விருப்பத்தின்பாற்பட்டதாதல் வேண்டுமென 1970ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. ஆயினும், 1973இல் அலபாமா மாநிலத்து மொன்கொமரி நகரில், நடுவணரசின் பணம் பெற்ற நிலையமொன்றின் வாயிலாக, வறிய குடும்பத்துச் சிறுமியர் இருவருக்கு மலடாக்கும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத தாய், ஊசிமருந்துக்கெனக் கருதித் தாளில் அடையாளமிட்டார். அடுத்த ஆண்டு நீதிமன்றம், சம்மதமளிக்கும் சட்டத்தகுதியற்றோர்க்கு இத்தகைய சிகிச்சை செய்ய நடுவணரசின் பணத்தைப் பயன்படுத்தலாகாதெனத் தீர்ப்பளித்தது. 1979இல் வெளிவந்த பெல்மொன்று அறிக்கை, ஆராய்ச்சிக்கு உட்படுவோரை மதித்தல், அவர்க்கு நன்மை செய்தல், நீதி வழுவாமை என்னும் மூன்றையும் ஆராய்ச்சி அறத்தின் அடிப்படைகளாக வகுத்தது.

நன்கொடை பெறுவோர்க்குரிய விதிகளும் ஆட்சிக்கேற்ப மாறியுள்ளன. பத்தாம் பகுதியின் விதிகள் 2019இல் இறுக்கப்பட்டு, 2021இல் மீண்டும் தளர்த்தப்பட்டமை இதற்குச் சான்றாகும். ஒரே நிலையம் சில ஆண்டுகளுக்குள் விதி மாற்றத்தால் நிதியை இழத்தலும் மீளப் பெறுதலும் கூடும். பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கினாலன்றிப் பயன் தராத ஆராய்ச்சிக்கு இந்நிலையின்மை பெருந்தடையாம்.

தனியார் கொடை வற்றக்கூடும். அரசாங்க நன்கொடை நிபந்தனையோடு வரக்கூடும். இரண்டினுள் ஒன்றை முற்றாகத் தள்ளுதல் இயலாது. ஆயின், அரசாங்கத்தின் பணம் மக்களின் பணமே என்பதை ஆராய்வோர் மறத்தலாகாது. நிலையத்து வாயிலிற் காத்திருக்கும் பெண், கணக்கேட்டில் ஓர் எண்ணல்லள்; அவ்வாராய்ச்சிக்குப் பொருள் தந்தவர்களுள் அவளும் ஒருத்தியாவாள். வினவப்படுமுன் அவளுக்கு விளக்கம் அளித்தலும், அவள் மறுப்பின் அம்மறுப்பை ஏற்றலும் அவளுக்குச் செய்யும் சலுகையல்ல, செலுத்தவேண்டிய கடனேயாம்.