மார்கழி விடுமுறையில் ஒரு மன்னார் நடை

விடுதியில் எம்மோடு ஒரே அறையில் இருந்து படித்த பழைய மாணவர் ஒருவர், பல்லாண்டுகளாக இலண்டனில் வாழ்பவர், மார்கழி விடுமுறைக்கு மனைவி மக்களோடு யாழ்ப்பாணம் வந்திருந்தார். வந்த மூன்றாம் நாளே அவருடைய பிள்ளைகள் இருவரும், "எப்போது நடக்கப் போகிறோம்?" என்று கேட்கத் தொடங்கினர். வாகனம் வாசலில் நிற்க நடப்பானேன் என்று வீட்டு முதியோர் மயங்கினர். அம்மயக்கத்துக்குக் காரணம் உண்டு. நம்மவர்க்கு நடை என்பது ஒன்றில் நேர்த்திக்கடன், ஒன்றில் வறுமை, ஒன்றில் வைத்தியர் விதித்த பத்தியம். குடும்பமாய்க் கூடி, நடப்பதற்காகவே நடத்தல் நமக்குப் பழக்கமன்று.

ஆங்கில நாட்டிலோ நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் 26 ஆம் தேதி, சேற்றுக்கேற்ற சப்பாத்தணிந்து குடும்பத்தோடு வயல்வெளிகளில் நடப்பது வழமை. அக்காலத்தில் அங்கே பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் புறப்பட்டு, பிறர் நிலத்தினூடே சென்று, இருட்டுமுன் வீடு திரும்புவர். பிறர் நிலத்தில் கால் வைக்க உரிமை எங்ஙனம் வந்தது? இது சட்டத்தோடும் போராட்டத்தோடும் வந்த உரிமை. 1932 ஏப்பிரிலில் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டு நிலத்தில் உழைப்பாளர் கூட்டமொன்று தடையை மீறி நடந்தது. அவருட் சிலர் சிறை சென்றனர். அதே ஆண்டில் நிறைவேறிய வேறொரு சட்டம், பொதுமக்கள் இருபது ஆண்டுகள் இடையறாது, எவரிடமும் அனுமதி கேளாது நடந்துவந்த பாதை பொதுப் பாதையாகக் கொள்ளப்படும் என்ற விதியை வகுத்தது. 1949 இல் வந்த சட்டம் இத்தகைய பாதைகளை அளந்து படத்திற் குறிக்கச் செய்தது. நண்பரின் இளைய மகளுக்கு இவையெல்லாம் பாடம். எங்கே நின்றாலும், "இந்தப் பாதை யாருடையது?" என்பதே அவளது முதற் கேள்வி.

மன்னாரைத் தெரிந்தெடுத்தவர் நாமே. அங்கே நடப்பதற்கு மார்கழிக் கடைசி முதல் மாசி வரை ஏற்ற காலம். பெருமழை ஓய்ந்திருக்கும், வெயில் கடுமை கொள்ளாது. திருவெம்பாவைக் காலமாதலின் சங்கும் சேமக்கலமும் கேட்டு எழுந்து, விடியுமுன் புறப்பட்டோம். 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி வழியாகச் சென்று, ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்திற் பாலாவிக் கரையில் சற்றுத் தங்கினோம். பெருக்கமரத்தையும் கோட்டையையும் பற்றிப் பலர் எழுதியுள்ளமையால் அவற்றை இங்கே விட்டுவிடுகின்றோம்.

பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் பாலவீதியின் இருமருங்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. 2008 இல் காப்பகமாக்கப்பட்ட வங்காலைச் சதுப்பு அதன் அயலிலேயே உள்ளது. பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. அவற்றைப் பிள்ளைகள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அவர்களைத் துள்ளச் செய்தது சிறிய வாத்துக் கூட்டமொன்று. நெற்றியில் மஞ்சட் கோடிட்ட இந்த வாத்தை நாமத்தலை வாத்து என்பர். "இது எங்கள் ஊர் வாத்து!" என்று மூத்தவன் கூவினான். அவன் சொன்னது பிழையன்று. வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரிக்கும் இவ்வினம் பனி உறையத் தொடங்கியதும் தெற்கே புறப்படும். மேற்குப் பக்கத்துக் கூட்டங்கள் இங்கிலாந்தின் சதுப்புகளை அடையும். கிழக்குப் பக்கத்தன இந்தியாவைக் கடந்து மன்னார் வரை வரும். ஆகவே அங்கே நத்தார் நடைக்குச் செல்வோரும் இங்கே நாமும் ஒரே பறவையையே பார்க்கின்றோம்.

மறுநாட் காலை பேசாலையிலிருந்து தீவின் குறுக்கே தென்கரை நோக்கி நடந்தோம். இந்நடையையே பழைய மாணவர் குடும்பங்களுக்கு நாம் சிறப்பாகச் சொல்வோம். சிறுவரும் களைப்பின்றி நடக்கக்கூடியது, அதற்குள் இரண்டு கடல்களைக் காணலாம். பேசாலைக் கரையில் வாடைக்காற்று அலையை எறிந்துகொண்டிருந்தது. வள்ளங்கள் மேட்டில் ஏற்றப்பட்டிருந்தன. தென்கரையை அடைந்தபோது மன்னார் வளைகுடா குளம்போற் கிடந்தது. அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தனர். காற்று வடகிழக்கிலிருந்து வருங்கால் தீவே தென்கடலுக்கு வேலியாகின்றது. வைகாசிக்குப் பின் தென்மேற்குக் காற்று எழுந்ததும் நிலைமை தலைகீழாகும், வடகரை அமைதிகொள்ளும். காற்றோடு தொழிலும் கரை மாறும், வாடிகளும் மாறும். ஆகையால் தீவின் குறுக்கே செல்லும் மணற்பாதைகள் உல்லாசத்துக்காக உண்டானவை அல்ல.

தண்ணீர் கொண்டுசெல்ல மறந்தோம். அது எம் பிழை. இடைவழியில் ஒரு குடிசைக்காரி ஆழமற்ற கிணற்றிலிருந்து அள்ளித் தந்த நீர் இனித்தது. மழைநீர் மணலிற் சுவறி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படலமாய் மிதக்கின்றது; அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறிவிடும்.

உடைமர நிழலில் ஒரு முதியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டு, "என்ன பிள்ளையள், பஸ் வரேல்லையோ?" என்றார். சும்மா நடக்கிறோம் என்றதை அவர் நம்பவில்லை. சிறுமி தன் கேள்வியைக் கேட்டாள். அவர் சிறிது யோசித்து, "நடக்கிற ஆக்களின்ரைதான் மகள். இடையிலை கன காலம் ஆருமில்லை" என்றார்.

அதை நாம் அவளுக்கு விளக்கவேண்டியதாயிற்று. 1990 இல் தலைமன்னாருக்கான புகையிரதம் நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தமிழரிற் பலர் கடல் கடந்து அகதியாயினர். புகையிரதம் தலைமன்னாருக்கு மீண்டது 2015 இல். கணக்கிட்ட சிறுமி, "இருபது ஆண்டுக்கு மேல் ஒருவரும் நடக்காவிட்டால் பாதை செத்துவிடுமா?" என்றாள். அவளுடைய சட்டத்தின்படி அப்படியன்று. ஒருமுறை பொதுப் பாதையானது, புல் மூடினாலும் பொதுப் பாதையே. நம் மணற்பாதைகளுக்கு அத்தகைய எழுத்து ஏது? தென்கரையில் 2020 முதல் முப்பது காற்றாடிக் கோபுரங்கள் சுழல்கின்றன. அவற்றின் ஆற்றல் ஏறத்தாழ 100 மெகாவாற்று. மேலும் கோபுரங்கள் நடுவதையும் கனிய மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025 இல் மன்னார் மக்கள் நாட்கணக்காய் வீதியில் இருந்தனர். மின்சாரம் வேண்டாமென்பார் நாமல்லேம். ஆயினும் கரைக்குச் செல்லும் வழிகளை முதலிற் படத்திற் குறித்து, பின்னர் வேலி நடுவதே முறை.

மாலையில் தலைமன்னார்த் துறைக்குச் சென்றோம். 1914 முதல் தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிய துறை அது. நம் கல்லூரியில் மூத்தோர் பலர் சென்னைக்கும் அண்ணாமலைக்கும் படிக்கச் சென்றது இவ்வழியே. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. நண்பரின் தந்தையார் ஏறிய இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட முயன்றோம். துருவேறிய இரும்புத் தூண்களே நின்றன.

தை பிறந்தபின் இலண்டனிலிருந்து சிறுமியின் கடிதம் வந்தது. நாமத்தலை வாத்துகளை அங்கேயும் கண்டாளாம். கீழே ஒரு வரி: "வலை பொத்திய தாத்தாவிடம், பஸ் பிறகு வந்தது என்று சொல்லிவிடுங்கள்."