படகு எஞ்சினும் காப்பீடும்
கடன் பெற்று ஃபைபர் படகு வாங்குவோர் பலர், காப்பீடு இருக்கிறதே என்று எஞ்சினைக் கவனியாமல் விடுகின்றனர். பாலிசியில் தனியே கூறப்பட்டிருந்தாலன்றி, இயல்பான தேய்மானத்துக்குக் காப்பீட்டாளர் பொறுப்பாகார் என்பது 1963ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம். உப்பரித்த எஞ்சின் நின்றாலும் தவணை நிற்காது.

எனவே கரை திரும்பியதும் அவுட்போர்டு எஞ்சினுள் நன்னீர் செலுத்திச் சில நிமிடங்கள் ஓட்ட வேண்டும். துத்தநாகக் கட்டி தான் அரிந்து பிற உலோகத்தைக் காப்பது. அதன்மேல் வண்ணம் பூசலாகாது. விசிறியின் பின்னே சுற்றும் தூண்டில் நரம்பு அற்பமாகத் தோன்றும். ஆனால் எண்ணெய் சீலை அறுத்துவிடும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அன்றே மெக்கானிக்கிடம் காட்டுவது நலம்.

கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் மீன்பிடித் தடைக்காலம். பழுதுபார்க்க உகந்த நாட்கள்தாம், வருவாய்தான் இராது. அதற்கேற்பத் தவணைகளை அமைக்க இயலுமா எனக் கடன் விண்ணப்பத்தின்போதே கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.