மாடியில் ரெண்டு ரூம் எடுக்கப் போறீங்களா? பிளான் அப்ரூவல் இல்லாம கட்டினா ஆகும் உண்மையான செலவு



பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பசங்ககிட்ட இருந்து எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. "அண்ணா, எனக்கு வேலை சென்னையில். ஊர்ல அப்பா பேர்ல தரைதளம் மட்டும் இருக்கு. அடுத்த வருஷம் கல்யாணம். மாடியில் ரெண்டு ரூம் எடுக்கணும், பன்னிரண்டு லட்சம் ஆகும்னு மேஸ்திரி சொல்றார். பர்சனல் லோன் போடலாமா, ஹவுசிங் லோன் போடலாமா?"

நான் திருப்பிக் கேட்பது ஒண்ணுதான்: "பிளான் அப்ரூவல் வாங்கிட்டீங்களா?"

பெரும்பாலும் பதில் வராது. இல்லன்னா, "நம்ம தெருவுல யாருண்ணா அதெல்லாம் வாங்குறாங்க?"ன்னு ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்கு எங்க குடும்பம் கொடுத்த விலை எனக்குத் தெரியும். அதனால இன்னிக்கு வட்டி விகிதத்துக்கு முன்னாடி அனுமதியைப் பத்திப் பேசலாம்.

எங்க வீட்டுக் கதை

எங்க வீடு பெரம்பலூரில் எளம்பலூர் ரோட்டுப் பக்கம். 1996-ல் அப்பா தரைதளத்துக்கு முறையா அனுமதி வாங்கித்தான் கட்டினார். 2013-ல் அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி மாடியில் 450 சதுர அடியில் ஒரு ரூம், பாத்ரூம், வெளியே ஒரு படிக்கட்டு. இதுக்கு அனுமதி வாங்கல. "சின்ன வேலைதானே சார்"ன்னு மேஸ்திரி சொன்னார், நாங்களும் தலையாட்டினோம்.

2021-ல் மீதி மாடியையும் கட்டலாம்னு நான் வங்கியில் வீட்டுக் கடன் கேட்டேன். என் சம்பளம், சிபில் ஸ்கோர் எல்லாம் சரியா இருந்துச்சு. வங்கி அனுப்பின மதிப்பீட்டாளர் வந்து பழைய வரைபடத்தை விரிச்சுப் பார்த்தார். அதில் மாடியே இல்லை. மாடி ரூமுக்கு மதிப்பு பூஜ்யம்னு எழுதினார். அதோட, பக்கவாட்டில் காலியா விட வேண்டிய இடத்தில் படிக்கட்டு நிக்குதுன்னும் எழுதினார். கடன் நிராகரிப்பு.

கடைசியில் என்ன ஆச்சு? கொஞ்சம் பர்சனல் லோன், மீதி அம்மாவோட நகை. பிறகு அனுமதி வாங்கப் போனப்ப அந்தப் படிக்கட்டை இடிச்சு உள்பக்கமா மாத்திக் கட்ட வேண்டி வந்துச்சு. நான் ஒரு சிஏ. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்றவன் வீட்டிலேயே இந்த நிலை. வங்கி மேல தப்பு இல்லை. காகிதத்தில் இல்லாத ரூமுக்கு அவங்க எப்படிக் கடன் கொடுப்பாங்க?

அனுமதி யாருகிட்ட வாங்கணும்?

உங்க வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. அதில் எந்த அலுவலகம் பேர் இருக்கோ அங்கதான். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் நகராட்சிகள். குரும்பலூர், அரும்பாவூர், உடையார்பாளையம் மாதிரி ஊர்கள் பேரூராட்சிகள். ஊரை ஒட்டியே இருந்தாலும் பல தெருக்கள் கிராம ஊராட்சி எல்லைக்குள் வரும். முகவரியில் 'பெரம்பலூர்'னு இருக்கிறதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

விதிகள் எல்லாருக்கும் ஒண்ணுதான். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் மாநிலம் முழுக்கப் பொருந்தும். ரோட்டில் இருந்து எவ்வளவு தள்ளிக் கட்டணும், பக்கத்து வீட்டுச் சுவருக்கும் உங்க சுவருக்கும் எவ்வளவு இடம் விடணும், எவ்வளவு உயரம் போகலாம் எல்லாம் அதில் இருக்கு. உயரமான அடுக்குமாடி அல்லாத சாதாரண கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 2,400 சதுர அடி வரை. நம்ம ஊர் வீடுகளுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் இடிக்காது. இடிக்கிறது படிக்கட்டு, பால்கனி, போர்ட்டிகோதான். காலியா விட வேண்டிய இடத்தில் அதுதான் போய் உட்காரும்.

அதுக்கும் முன்னாடி: மனை சரியா இருக்கா?

வீட்டுக்கு அனுமதி கேட்கும்போது முதலில் மனையைத்தான் பார்ப்பாங்க. அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டில் வாங்கின மனைன்னா முதலில் அதை வரன்முறைப்படுத்தணும். இதுக்காக 2017-ல் தனி விதிகள் வந்துச்சு. 2016 அக்டோபர் 20-ம் தேதிக்கு முன்னாடி பதிவான மனைகளுக்குத்தான் அந்த வழி. உங்க அப்பா அப்பவே பணம் கட்டி வரன்முறை ஆணை வாங்கியிருந்தா, அதைப் பத்திரத்தோட சேர்த்துப் பத்திரமா வைங்க.

மத்தபடி எடுத்து வைக்க வேண்டியவை: பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, இந்த வருஷத்துச் சொத்து வரி ரசீது, பழைய வீட்டின் அனுமதி ஆணையும் வரைபடமும். இதில் காணாமப் போறது எப்பவும் கடைசி ரெண்டுதான். பீரோவில் தேடுங்க. இல்லன்னா அலுவலகத்தில் நகல் கேட்டு மனு கொடுங்க.

சுயசான்று முறை: நமக்கு நல்ல செய்தி

2024 ஜூலை 22-ல் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைத் தொடங்கினது ஞாபகம் இருக்கலாம். 2,500 சதுர அடி வரை மனை, அதில் 3,500 சதுர அடி வரை தரைதளம் அல்லது தரைதளமும் முதல் தளமும் உள்ள வீடு. ஒற்றைச்சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏத்தி, கட்டணம் கட்டினா உடனடியா அனுமதி. முன்கூட்டி இட ஆய்வு கிடையாது, கட்டி முடிச்ச பிறகு நிறைவுச் சான்றும் தேவையில்லை. கட்டணம் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் வேற வேற. விண்ணப்பிக்கும்போதே தொகை தெரிஞ்சிடும்.

இங்க ஒரு எச்சரிக்கை. 'சுயசான்று'ன்னா பொறுப்பு முழுக்க உங்க தலையில்னு அர்த்தம். ஏற்கெனவே இருக்கிற வீட்டில் விதிமீறல் இருந்தா, 'எல்லாம் சரி'ன்னு கையெழுத்துப் போட்டுட்டு அதுமேல இன்னொரு தளம் கட்டுறது ஆபத்து. அதனால பதிவு பெற்ற பொறியாளர் ஒருத்தரை வச்சு வீட்டை இப்போ இருக்கிறபடி அளந்து, உங்க வேலை இந்த முறைக்குள் வருமா, இல்ல வழக்கமான விண்ணப்பம் போடணுமான்னு கேளுங்க. தரைதளத்து அஸ்திவாரமும் பில்லரும் மாடியைத் தாங்குமான்னும் அவரே பார்த்துச் சொல்லணும். மேஸ்திரி கண்ணால பார்த்துச் சொல்றது போதாது.

இப்போ கடன் கணக்கு

12 லட்சம் கடன், 5 வருஷம்னு வச்சுப்போம். வட்டி விகிதம் ஒரு உதாரணத்துக்குத்தான்.

- அனுமதியோட வீட்டுக் கடன், 8.5%: மாத ஈஎம்ஐ சுமார் 24,620. மொத்த வட்டி சுமார் 2.77 லட்சம்.
- அனுமதி இல்லாம பர்சனல் லோன், 13%: மாத ஈஎம்ஐ சுமார் 27,300. மொத்த வட்டி சுமார் 4.38 லட்சம்.

வித்தியாசம் 1.6 லட்சம். ஆனா பெரிய வித்தியாசம் இது இல்லை. வீட்டுக் கடனை 15 வருஷத்துக்கு நீட்டினா ஈஎம்ஐ சுமார் 11,800-க்கு இறங்கும். மொத்த வட்டி கூடும்தான், ஆனா கையில் காசு வரும்போது முன்கூட்டி அடைக்கலாம். பர்சனல் லோனில் அந்த நீட்டிப்பு பொதுவா கிடைக்காது. கையில் 45,000 வாங்குறவருக்கு 27,300 ஈஎம்ஐ-ன்னா சம்பளத்தில் அறுபது சதவீதம். கல்யாணம் ஆன முதல் வருஷத்தில் இதை யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. மீரட் நகரக் கட்டட வழக்கில் 2024 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், கட்டடத்தை அடமானமா வச்சுக் கடன் கொடுக்கும் முன் நிறைவுச் சான்றைச் சரிபார்க்கணும்னு வங்கிகளுக்குச் சொல்லியிருக்கு. பல வருஷம் ஆச்சு, நிறைய செலவு பண்ணியாச்சுன்னு சொல்றதெல்லாம் விதிமீறலை நியாயப்படுத்தாதுன்னும் சொல்லியிருக்கு. அதனால வங்கிகள் இனி இன்னும் கறாராத்தான் இருக்கும். சுயசான்றில் கட்டினவங்க, நிறைவுச் சான்று விலக்கு இருக்குன்னு காட்ட அனுமதி ஆணையைக் கையில் வச்சிருங்க.

வரியில் என்ன கிடைக்கும்? இதில்தான் நிறைய பேர் ஏமாறுறாங்க

ஒண்ணு: புதிய வரி முறையில் இருந்தா, நீங்க குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவே இல்லை. 2025-26 நிதியாண்டில் சம்பளம் 12.75 லட்சம் வரைக்கும் புதிய முறையில் வரியே வராது. அதனால 'வரி மிச்சமாகும்'னு கடன் வாங்காதீங்க.

ரெண்டு: மாடியை வாடகைக்கு விட்டா புதிய முறையிலும் வாடகையில் இருந்து வட்டியைக் கழிக்கலாம். மாசம் 5,000 வாடகைன்னா வருஷத்துக்கு 60,000. சொத்து வரி போக, நிலையான 30% கழிவு போக, சுமார் 42,000. வட்டி அதைவிட அதிகமா இருந்தா அந்த வாடகைக்கு வரி இல்லை. மிஞ்சின நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

மூணு: பழைய முறையில் இருக்கிறவங்களுக்கு, கட்டுமானக் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை, பழுது பார்க்க, புதுப்பிக்க வாங்கின கடனுக்கு வெறும் 30,000. உங்க வேலை புதுக் கட்டுமானமா, வெறும் பழுது வேலையான்னு கேள்வி வந்தா எதைக் காட்டுவீங்க? அனுமதி வரைபடமும், கடன் எதுக்குன்னு எழுதின ஒப்பந்தமும்தான் உங்க சாட்சி.

நாலு: அசலுக்கு 80சி கிடைக்கும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. குடியேறின வீட்டில் பிறகு செய்யும் கூடுதல் வேலை, மாற்றம், பழுது இதுக்கெல்லாம் 80சி கிடையாதுன்னு அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதில் பிரிவு எண்கள் வேற. ஆபீஸில் படிவம் நிரப்பும்போது கவனிங்க.

நிலம் அப்பா பேர்ல, ஈஎம்ஐ உங்க அக்கவுண்ட்ல

சொல்லக் கொஞ்சம் சங்கடமான விஷயம்தான். ஆனா சொல்லணும். அனுமதி நிலத்துக்காரர் பேரில்தான் வரும். வங்கியும் அப்பாவைச் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்கும். வட்டிக் கழிவு கேட்கணும்னா நீங்க சொத்தில் உரிமையாளரா இருக்கணும். ஈஎம்ஐ கட்டுறது மட்டும் போதாது.

வரியை விடுங்க. நாளைக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி உட்கார்ந்து பேசும்போது, மாடியை யார் காசில் கட்டினாங்கன்னு காட்ட உங்ககிட்ட என்ன இருக்கும்? நான் பார்த்த குடும்பச் சண்டைகளில் பாதி, காசு இல்லாததால வந்தது இல்லை. காகிதம் இல்லாததால வந்தது. கட்டுறதுக்கு முன்னாடியே எல்லாரையும் உட்கார வச்சுப் பேசுங்க. அப்பாவுக்குச் சம்மதம்னா ஒரு பங்கை செட்டில்மென்ட் பத்திரமா எழுதிக்கலாம். குடும்பத்துக்குள்ள எழுதுறதுக்கு முத்திரைத் தீர்வை, விற்பனைப் பத்திரத்தைவிட ரொம்பக் குறைவு. ஆனா எழுதின உடனே உரிமை கை மாறிடும். அது அப்பா அம்மாவின் பாதுகாப்பும் கூட. அவசரப்படுத்தாதீங்க. குறைந்தபட்சம் சிமென்ட், கம்பி, கூலி எல்லாத்தையும் உங்க வங்கிக் கணக்கில் இருந்து கொடுத்து பில் வாங்கி வைங்க. உங்க பேர்ல உரிமை வந்த பிறகு ஒரு நாள் வீட்டை வித்தா, மேம்பாட்டுச் செலவுன்னு கழிக்கவும் அந்த பில்தான் உதவும்.

ஏற்கெனவே கட்டியாச்சா?

'எப்பவாவது அரசு வரன்முறை கொண்டுவரும்'னு காத்திருக்காதீங்க. கட்டடங்களுக்கு வந்த 113-சி விலக்கு 2007 ஜூலை 1-க்கு முன்னாடி கட்டினவற்றுக்குத்தான். அதுக்குப் பிறகு கட்டினதுன்னா, இப்போ இருக்கிறபடி அளந்து, விதிக்குள் வர்ற பகுதிக்கு விண்ணப்பம் போட்டு, வராத பகுதியைச் சரி செய்றதுதான் வழி. எங்க படிக்கட்டு மாதிரி. வலிக்கும். ஆனா கடன் கேட்கும்போது, விற்கும்போது வலிக்கிறதைவிட இது குறைவு.

வரிசை இதுதான்

1. பத்திரம், பட்டா, பழைய வரைபடம் தேடி எடுங்க.
2. பொறியாளரை வச்சு வீட்டை அளங்க, அஸ்திவாரம் பாருங்க.
3. குடும்பத்தில் பேசி முடிங்க.
4. அனுமதி வாங்குங்க.
5. அந்த ஆணையோட வங்கிக்குப் போங்க.
6. அப்புறம்தான் மேஸ்திரிக்கு அட்வான்ஸ்.
7. கட்டி முடிச்சதும் சொத்து வரியைத் திருத்தச் சொல்லுங்க.

நம்மில் நிறைய பேர் ஆறாவதில் இருந்து ஆரம்பிக்கிறோம். அரியலூரில் சிமென்ட் ஃபேக்டரி பக்கத்திலேயே இருக்கு, சிமென்ட் எப்ப வேணா வாங்கலாம். அனுமதியை முதலில் வாங்குங்க.

உங்க வீட்டுப் பழைய வரைபடம் எங்க இருக்குன்னு இன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு கீழே சொல்லுங்க. அடுத்த வீடியோவில் செட்டில்மென்ட் பத்திரமா, உயிலா என்பதைப் பத்திப் பார்க்கலாம்.