அத்தையின் ஹெரால்டுக்குப் புதுப் பொறி

உங்கள் வீட்டில் பழைய மோட்டார் கார் ஏதாவது இருக்கிறதா? இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பக்கத்து வீட்டிலோ, மாமனார் வீட்டுக் கொட்டகையிலோ ஒன்று துணி போர்த்திக்கொண்டு நிற்கக்கூடும். "என்ஜின் போய்விட்டது" என்று வீட்டுப் புருஷர்கள் சொல்வார்கள். அப்படியே நம்பிவிடாதீர்கள். பல சமயங்களில் போயிருப்பது என்ஜின் அல்ல. ஒரு விசிட்டிங் கார்டின் கனம் இருக்கவேண்டிய சின்ன இடைவெளிதான் போயிருக்கும்!

என் அத்தையிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. மாமா தம் கல்யாணத்துக்கு முன்பே, 1966-ல் வாங்கியது. "அவள் எனக்கு மூத்தாள்" என்றுதான் அத்தை அந்த வண்டியைப் பற்றிச் சொல்வாள். மிக்கெலாட்டி என்ற இத்தாலியர் உருவம் வரைந்து, இங்கிலாந்தில் 'டிரையம்ப்' என்ற பெயரில் பிறந்த வண்டி அது. 1961 முதல் நம் சென்னையிலேயே தயாராயிற்று. முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகள் உள்பட, முதலை வாயைப் பிளப்பதுபோல் முன்னோக்கிச் சாயும். புடைவையில் கறை படாமல் சக்கரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டே என்ஜினைப் பார்க்கலாம். மாமா காலமான பிறகு அத்தை அப்படித்தான் பார்த்து வந்தாள்.

போன ஐப்பசி மழையில் அந்த மூத்தாள் லஸ் முனையில் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளக்கிறது. நாலு பிள்ளைகள் தள்ளி ஓரம் கட்டினார்கள். இந்தச் சமாசாரம் அன்று இரவே பெங்களூரில் இருக்கும் மகனுக்கு எட்டிவிட்டது.

"அம்மா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வண்டியை வித்துடப் போறேன். எழுபத்தெட்டு வயசுல இது வேணுமா?"

"அப்படியே என்னையும் சேர்த்து வித்துடு" என்று அத்தை டெலிபோனை வைத்துவிட்டாள். ஆனால் முகம் வாடிவிட்டது. அந்த வண்டி போனால் கோவிலுக்கும், மார்க்கெட்டுக்கும், அடையாற்றில் படுத்த படுக்கையாய் இருக்கும் தங்கையைப் பார்க்கவும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும். அத்தைக்கு அது பழக்கமில்லை.

வண்டி ஏன் நின்றது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கப் பிளக்கில் ஒரு பொறி வேண்டும். பாட்டரியில் இருப்பதோ வெறும் 12 வோல்ட்டு. பொறிக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும், இருபதினாயிரம்கூடத் தேவைப்படும். குழாயில் வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் குழாய் 'டக்'கென்று அதிர்கிறதல்லவா? அதே வித்தைதான். காயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அறுத்துவிட்டால், அந்த அதிர்ச்சியில் உயர்ந்த வோல்ட்டு எழும்பிப் பொறியாகப் பாய்கிறது. வேடிக்கை என்னவென்றால், மின்சாரம் வரும்போது பொறி இல்லை, நிற்கும்போதுதான்!

அப்படி அறுக்கும் வேலையைச் செய்வது 'சி.பி. பாயிண்டு' என்ற இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். டிஸ்டிரிபியூட்டர் என்ற டப்பாவுக்குள் இவை சேர்ந்து சேர்ந்து பிரிகின்றன. என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நாலு சிலிண்டர் வண்டியில் இவை ஒரு விநாடிக்கு 100 தடவை பிரியவேண்டும். எந்தப் பொட்டுதான் தாங்கும்? முகம் கருகிப் பள்ளம் விழுகிறது. நடுத்தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் சின்னக் குதிகால் தேய்கிறது. இடைவெளி குறைகிறது, பொறி காலம் தப்பி விழுகிறது. ஒருநாள் ஈரக்காற்றில் வண்டி படுத்துவிடுகிறது.

இதற்கு அத்தையிடம் கைவசம் வைத்தியம் உண்டு. நகம் தேய்க்கும் அரத்தால் பொட்டுகளைத் துடைப்பாள். பிறகு, கார் அறையில் பத்திரமாக இருக்கும் மாமாவின் விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து இடையில் செருகிப் பார்ப்பாள். வேண்டிய இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர், அந்தக் கார்டின் கனமும் அவ்வளவுதான். அளவுத்தகடு வாங்கித் தருகிறேன் என்றேன். "உங்க மாமா அளவு போதும்" என்றாள்.

மோட்டாருக்கும் பெண்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கதை சொல்வதுண்டு. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், புருஷனுக்குத் தெரியாமல், அவர் செய்த மோட்டார் வண்டியில் இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். நூறு கிலோ மீட்டருக்குக் குறையாத பாதை. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பொறிக்கு மின்சாரம் போகும் கம்பியின் உறை கெட்டுவிட்டது. காலுறையைப் பிடிக்கும் பட்டையைக் கழற்றிச் சுற்றினார். ஆக, மோட்டார் உலகத்தின் முதல் நெடும் பயணத்திலேயே பொறிக் கோளாறைத் தீர்த்தவர் ஒரு பெண்மணி. அத்தையின் நக அரம் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

ஆனால் மழையில், நடுத்தெருவில், எழுபத்தெட்டு வயதில் நக அரத்தோடு நிற்க முடியாதே! ஆகையால் நான் ஒரு யோசனை சொன்னேன். பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் பொறி வைத்துவிடலாம். 1970-களில் அமெரிக்கக் கார்கள் வரிசையாக அதற்கு மாறிவிட்டன. இப்போது பழைய வண்டிகளுக்கென்றே தீப்பெட்டிக்குள் அடங்கும் சாமானாக விற்கிறார்கள். ரோட்டருக்கு அடியில் நாலு காந்தம் பதித்த வளையம் ஒன்றைத் தண்டில் மாட்டவேண்டியது. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டி. ஒவ்வொரு காந்தமும் கடக்கும்போது கட்டி அதை உணர்ந்து மின்சாரத்தை அறுக்கும். எட்வின் ஹால் என்பவர் 1879-ல் கண்டுபிடித்த காந்த விளைவுதான் இதற்கு அடிப்படை. ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை. தொடாதது எப்படித் தேயும்?

நானே சாமானைத் தருவித்து, நானே மாட்டிவிடுவதாக மார்தட்டிக்கொண்டு போனேன். நல்ல வேளை, புதுப்பேட்டையிலிருந்து மெக்கானிக் பாயையும் அழைத்திருந்தாள் அத்தை. அவர் டிஸ்டிரிபியூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பாட்டரியைப் பார்த்தார்.

"தம்பி, இது பாசிட்டிவ் எர்த்து. நீங்க கொண்டாந்தது நெகடிவ் எர்த்து சாமான். மாட்டிச் சாவியைத் திருப்பியிருந்தீங்கன்னா, ஒரே செகண்டு. புகைதான்."

பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டி உடம்போடு சேர்ந்திருக்கும், பிற்காலத்தில் தலைகீழாக்கிவிட்டார்கள். இது எனக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரிந்திருந்தது! "நீ கேட்கவே இல்லையே" என்றாள். சாமானைத் திருப்பி அனுப்பிச் சரியானதை வரவழைக்கப் பதினைந்து நாளாயிற்று.

அடுத்தபடி பாய் காயிலை மீட்டரால் அளந்தார். மூன்று ஓம் சொச்சம் இருந்தது. "இது போதும்" என்றார். தடை குறைந்த காயிலோடு பொருந்தாத கட்டியைச் சேர்த்தால் கட்டி சூடேறிச் செத்துப்போகும். பிறகு டிஸ்டிரிபியூட்டர் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். அதிக ஆட்டமில்லை. ஆட்டம் இருந்தாலோ, உள்ளே வேகத்துக்குத் தக்கபடி பொறியை முந்தவைக்கும் எடைகள் இறுகிப்போயிருந்தாலோ, கட்டி மட்டும் மாற்றிப் பயனில்லை. டிஸ்டிரிபியூட்டர் முழுவதையுமே எலெக்ட்ரானிக்காக வாங்கிவிடுவது மேல். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கடைசியில் டைமிங் லைட்டைப் பிடித்துப் பொறி விழும் நேரத்தைச் சரிபார்த்தார். இந்தக் கடைசிக் காரியத்தை அலட்சியம் செய்துவிட்டு, "எலெக்ட்ரானிக் போட்டும் வண்டி இழுக்கவில்லை" என்று புலம்புகிறவர்கள் உண்டு.

வெளியே பார்த்தால் எல்லாம் பழையபடியே இருக்கிறது. டிஸ்டிரிபியூட்டரிலிருந்து ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு வருகின்றன, அவ்வளவுதான் அடையாளம்.

வண்டி பறக்கிறதா, பெட்ரோல் பாதியாகக் குறைந்ததா என்று கேட்காதீர்கள். விற்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். புத்தம் புதுப் பாயிண்டு போட்ட அன்று வண்டி எப்படி ஓடியதோ அப்படி ஓடுகிறது. மாதங்கள் கடந்தும் அப்படியே ஓடுகிறது என்பதுதான் லாபம். இந்த மாசி வரை ஒரு தடவையும் நிற்கவில்லை.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. அதை மறைப்பது நியாயமல்ல. பாயிண்டு கெட்டுப்போகும்போது முன்கூட்டியே முணுமுணுக்கும், இருமும், திணறும். கட்டி கெட்டால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே நொடியில் போய்விடும். அதை எந்த நக அரமும் எழுப்பாது. என்ஜின் ஓடாதபோது சாவியை 'ஆன்' செய்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால்கூடச் சில கட்டிகளுக்கு ஆபத்து. கோவில் வாசலில் அத்தைக்கு அந்தப் பழக்கம் உண்டு, இப்போது விட்டுவிட்டாள்.

ஆகையால் கழற்றிய பாயிண்டையும் கண்டென்சரையும் பாய் எடுத்துப் போகும்படி விடவில்லை அவள். இரண்டையும் துணியில் சுற்றி, ஒரு பவுடர் டப்பாவில் போட்டு, திருப்புளியோடு டிக்கியில் வைத்துக்கொண்டாள். பழையபடி மாட்டுவது எப்படி என்று பாயிடம் இரண்டு தடவை செய்து காட்டச் சொல்லி, மூன்றாவது தடவை தானே செய்தாள். இருபது நிமிஷம் ஆயிற்று.

"விசிட்டிங் கார்டு?" என்று கேட்டேன்.

"டப்பாவிலேதான் இருக்கு. பாயிண்டை மட்டும் வெச்சு என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு, சாவியைத் திருப்பினாள். அடையாற்றில் தங்கைக்கு மூன்று மணிக்குக் காப்பி கொண்டுபோக வேண்டியிருந்தது.