காமாலைக்குக் கீழாநெல்லி மட்டும் போதுமா?

ஹெப்பகோடியில் தொழிற்சாலை மதிலோரம், வீட்டு வாசல், பூந்தொட்டி என்று எங்கு பார்த்தாலும் மழைக்குப் பின் தானாக முளைக்கும் செடி கீழாநெல்லி. ஒரு சாண், இரு சாண் உயரம்தான் வளரும். புளியிலை போன்ற சிறு இலைகள். கிளையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கடுகு கடுகாகப் பச்சைக் காய்கள். காய் கீழே இருப்பதால் இந்தப் பெயர். கன்னடத்தில் 'நெலநெல்லி' என்பார்கள்.

பாட்டி வைத்தியம்

காமாலை கண்டால் நம் ஊர்ப் பக்கம் முதலில் தேடுவது இதைத்தான். வேரோடு பிடுங்கி, கழுவி அரைத்து, மோரிலோ பாலிலோ கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பு, எண்ணெய் கூடாது என்று பத்தியம் உண்டு. மருந்தின் பெயரை வெளியே சொல்லக்கூடாது, காசு வாங்கினால் பலிக்காது என்ற நம்பிக்கையும் உண்டு.

சென்னையில் நடந்த சோதனை

இந்தச் செடி விஞ்ஞானிகளின் கவனத்தையும் ஈர்த்தது. பி வகைக் காமாலைக் கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் புளூம்பெர்க்கும், சென்னை விஞ்ஞானி எஸ்.பி. தியாகராஜனும் மற்றவர்களுடன் சேர்ந்து இதை ஆராய்ந்தனர். 1988-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. கீழாநெல்லிப் பொடியை 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆயிற்று. உலகமே வியந்தது! ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அப்படியானால் குணமானது எப்படி?

அசுத்தமான தண்ணீரால் வரும் ஏ வகைக் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். அந்த நேரத்தில் குடித்த மருந்துக்குப் பெயர் கிடைக்கிறது! பி, சி வகைகள் அப்படியல்ல. வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் ஈரலை அரித்துவிடும். பித்தப்பைக் கல்லாலும் கண் மஞ்சளாகலாம். அதைச் செடி கரைக்காது.

ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கி, கிடைத்த இடத்தில் சாப்பிடும் நம் தொழிலாளத் தோழர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. ஓயாத வாந்தி, பிதற்றல், ரத்தக் கசிவு இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகள் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. 2018-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் பி, சி வகைகளுக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கீழாநெல்லி குடிக்கலாம். டாக்டருக்குப் பதிலாகக் குடிக்கக் கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது எல்லாவற்றிலும் மலிவான மருந்து.