ஆடி 18-ல் போர்க்களம் பார்க்க போகலாமா? தீரன் சின்னமலை சென்ற பாதையில் ஒரு சுற்று

ஆடி 18 வந்தாலே கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா களைகட்டும். திருப்புலி நாடு உள்பட மலை முழுக்க கொண்டாட்டம்தான். அதே நாளில்தான் வெள்ளைக்காரனை எதிர்த்த தீரன் சின்னமலைக்கும் நினைவு நாள்.

1801-ல் காவிரிக்கரையிலும், 1802-ல் ஓடாநிலையிலும், 1804-ல் அறச்சலூரிலும் கம்பெனி படையை விரட்டியவர் சின்னமலை. கடைசியில் காட்டிக்கொடுக்கப்பட்டு சிக்கினார். 1805 ஜூலை 31-ல் சங்ககிரி கோட்டையில் சகோதரர்களுடன் தூக்கிலிடப்பட்டார்.

70 கொண்டை ஊசி வளைவுகளை விடியும் முன்பே இறங்கினால் இந்த இடங்களை ஒரே நாளில் பார்த்து விடலாம்.

முதலில் சேலம் மாவட்டம் சங்ககிரி. தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ள மலைக்கோட்டையின் மதில்களும் வாசல்களும் இன்னும் நிற்கின்றன. ஏற்றம் அதிகம். வெயிலுக்கு முன்பே ஏறுங்க, தண்ணீர் பாட்டில் மறக்காதீங்க.

அடுத்து ஈரோடு மாவட்டம் ஓடாநிலை. இங்கிருந்த கோட்டையை கம்பெனி பீரங்கிகள் தரைமட்டமாக்கி விட்டன. இப்போது இருப்பது மணிமண்டபம்தான். பக்கத்திலேயே அறச்சலூர்.

விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரை கூடவே அழைத்துச் செல்வது நல்லது. யாரும் சொல்லாவிட்டால் பிள்ளைங்களுக்கு அது வெறும் கல்லும் மண்ணும்தானே!